மாப்பிள்ளை கொடுத்த மூட்டு மாத்திரை

என் நாத்தனாரின் கணவர் செஞ்சி வெயிலில் டை கட்டிக்கொண்டு திரிபவர். பகலெல்லாம் வெயிலைக் குடித்த ராஜகிரிக் கோட்டைப் பாறை, பொழுது சாய்ந்த பிறகும் ஊர்மேல் அனலைக் கக்கும் சித்திரை மாதத்திலும் அந்த நீல டை அவர் கழுத்தை விட்டு இறங்காது. என்ன வேலை என்று கேட்டால் "பிசினஸ்" என்பார். யாருக்கு எங்கே வலி என்று விசாரிப்பார், அந்த வலிக்கு ஒரு டப்பாவை நீட்டுவார், வாங்கியவரையே இன்னும் பத்துப் பேருக்கு விற்கச் சொல்வார். அவ்வளவுதான் அந்தப் பிசினஸ். சாவு வீட்டில்கூட அவர் கண் பிணத்தைப் பார்க்காது, யார் நொண்டுகிறார்கள் என்று பார்க்கும்.

அப்படித்தான் என் மாமனாரின் முட்டிக்குக் குளுக்கோசமைன் என்ற மூட்டு மாத்திரை வந்து சேர்ந்தது.

மாமனாருக்குத் தொண்டூரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களையெடுத்தே முட்டி தேய்ந்து போனவர். வலிக்கு ஊசியும் மாத்திரையுமாகப் போட்டுப் போட்டு, என் மகள் பிறந்த வருடம் வயிற்றில் புண்ணாகி ரத்தமாக வாந்தி எடுத்தார். ஒரு தோளில் கைக்குழந்தை, மறு தோளில் அவர் தலை என்று ஆட்டோவில் ஓடியவள் நான். "வலி மாத்திரையை இனிமேல் தொடவே கூடாது" என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவர் எதை விழுங்கினாலும் என்ன ஏது என்று நான் வாங்கிப் பார்ப்பேன். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாமனாருடைய சாப்பாடும் மருந்தும் என் பொறுப்பு.

டப்பாவை மேசைமேல் வைத்து, மூடியைத் தட்டிக் காட்டினார் மாப்பிள்ளை.

"மாமா, காலைல வெறும் வயித்துல ரெண்டு. மேல சுடுதண்ணி. ஒரே மாசம், நீங்க ராஜகிரி ஏறலன்னா எம்பேர மாத்திக்கிறேன்."

"அண்ணா, மாமாவுக்கு அல்சர் வந்துச்சே, இது ஒத்துக்குமா?" என்றேன்.

"இது மருந்தே கிடையாதும்மா. ஃபுட்டு. உன் பொண்ணுக்கே குடுக்கலாம்."

மருந்தே இல்லை என்றால் முட்டி எதில் சரியாகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் இந்த வீட்டு மாப்பிள்ளை. அவர் வந்தால் எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் தானாகவே அவர் பக்கம் திரும்பிக்கொள்ளும். முதல் தட்டு அவருக்கு, பெரிய மீன் துண்டு அவருக்கு. ஆபீசில் மேலதிகாரியையே எதிர்த்துப் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் என் கணவர், அவர் எதிரில் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் குழந்தை தூங்கும்போது கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். வயிற்றுப் புண்ணை ஒன்றும் செய்யாது என்றது ஒரு பக்கம். நெஞ்செரிச்சல் வரலாம் என்றது இன்னொன்று. இறால் ஓட்டிலிருந்து எடுப்பது என்றது மற்றொன்று. சாப்பிட்ட பிறகு போடுவது நல்லது என்பதில் மட்டும் பல பக்கங்கள் ஒத்துப்போயின. டப்பாவை அடுப்படி அலமாரிக்கு மாற்றி, நானே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

"மாப்ள வெறும் வயித்துலன்னு சொன்னாரேம்மா?"

"அவரு வயிறு நல்லா இருக்குது மாமா, இன்னா வேணா சொல்லுவாரு. நீங்க இட்லி சாப்ட்டுட்டுப் போடுங்க."

சில வாரங்களில் மாமனார் நொண்டாமல் நடந்தார். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். மாப்பிள்ளை வரும்போதெல்லாம் அவரைக் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடக்கவிட்டு, சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பாத்தியாம்மா? நீதான் படிச்ச பொண்ணாச்சே, சந்தேகப்பட்டியே!"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, என்மேல். நான்தான் குறுகிய புத்திக்காரியோ? பிடிக்காத ஆள் கொடுத்தால் நல்ல மருந்தும் விஷமாகத் தெரியுமோ? ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பிசினஸ் மீட்டிங் இருக்கிறது, மாமனார் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னபோது, அதற்கென்று மாமனாரின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்ததும் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, என் மகள் வழக்கம்போல் தாத்தாவின் சட்டைப் பையில் கடலை மிட்டாய் தேடினாள். வெளியே வந்தது ஒரு காகிதப் பொட்டலம். அதைப் பிரித்து, ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். நான் பாய்ந்து பிடுங்கினேன். அவள் வீறிட்டாள். வெள்ளையில் ஒன்று, ரோஸில் ஒன்று, மஞ்சளில் பாதி. மருந்துக்கடையில் அட்டையிலிருந்து பிதுக்கி, பெயர் தெரியாமல் மடித்துக் கொடுக்கும் செட்டு மாத்திரை. காய்ச்சலுக்கு ஒரு செட்டு, முட்டிக்கு ஒரு செட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவர் சொல்வதில்லை.

"இன்னா மாமா இது?"

அவர் குழந்தையைப் பார்த்தபடியே சொன்னார். "முட்டிக்கு செட்டும்மா. மெடிக்கல்ல குடுத்தான்."

"வலி மாத்திரை தொடக்கூடாதுன்னாங்களே!"

"மாப்ள குடுத்தது வலிக்குக் கேக்கலம்மா. அவரு வந்து வந்து நடந்து காட்டுன்றாரு. கேக்கலன்னு எப்டி சொல்றது? நம்ம பொண்ணு அவரு வூட்ல இருக்குது."

அவர் நொண்டாமல் நடந்ததன் ரகசியம் இதுதான். மாப்பிள்ளையின் மாத்திரை பொய்யாகிவிடக் கூடாது என்று, அதை மெய்யாக்க இன்னொரு மாத்திரை விழுங்கியிருக்கிறார்.

"வயிறு எரியுதா?"

"கொஞ்சம்."

மாமனாரிடம் எந்த மருமகளும் கேட்காததைக் கேட்டேன். "வெளிய போறது கறுப்பா இருக்குதா மாமா?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "தார் மாரி போவுதும்மா" என்றார்.

மறுபடியும் அதே ஆட்டோ ஓட்டம். டாக்டர் டப்பாவையும் பொட்டலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"இந்த டப்பா சிலருக்கு எரிச்சல் குடுக்கும், அவ்ளோதான். முட்டிக்குக் கேக்குமான்னா அதுவும் நிச்சயமில்ல. வயித்துல ரத்தம் கசிய வச்சது இந்தப் பொட்டலமாத்தான் இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ஆள் கிடைச்சிருக்க மாட்டாரு."

ரத்தம் ஏற்றினார்கள். வார்டில் காற்று இல்லை என்று வீட்டிலிருந்து டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தோம். அடுத்த நாள் மாப்பிள்ளை வந்தார். ஆஸ்பத்திரியிலும் டை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரின் வீங்கிய முட்டியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். என் கணவர் பழக்கதோஷத்தில் எழுந்து ஃபேனை அவர் பக்கம் திருப்பினார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வுட்டுடுவாங்களா?" என்றார் மாப்பிள்ளை. "நோட்டீஸ்ல மாமா பேரு போட்டாச்சி."

நாத்தனாருக்கு வீட்டில் என்ன பேச்சு விழுமோ என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"மாமாவ நடக்க வச்சது இதுதான் அண்ணா. இத மேடையில காட்டுங்க. கூடவே இங்க ரத்தம் ஏத்துறதையும் சொல்லுங்க."

"இன்னாம்மா ஒளற்ற?" என்று மாமனார் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்க சொல்லுங்க. நம்ம ப்ராடக்ட்ல வலி போச்சா இல்லியா?"

மாமனார் கூரையைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்கத்தான் அந்த மனிதர் உயிரையே விலையாகக் கொடுக்கப் பார்த்தார்.

"கேக்கல மாப்ள."

மாப்பிள்ளையின் முகம் சுருங்கும், ஒரு நொடியாவது சுருங்கும் என்று காத்திருந்தேன். அவர் டையை நேராக்கிக்கொண்டு, டாக்டரைப்போலத் தலையசைத்தார்.

"டோஸ் பத்தல மாமா. இனிமே நாலு போடணும்."

மாமனார் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு, சத்தமில்லாமல். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த ஃபேன இந்தப் பக்கம் திருப்பு."