கோட்டு போட்ட அப்பா

அப்பா மலாயாவுக்குக் கப்பலேறியபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். அதனால் எனக்கு அப்பா என்றால் அவர் அனுப்பிய போட்டோதான். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, கையில் தடி, பக்கத்தில் என் உயரத்துக்கு ஒரு பூச்சாடி. எங்கள் ஊர்ப் பண்ணையாருக்குக்கூட அப்படி ஒரு கோட்டு கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லியே தெருப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு ஆறு வயதானபோது அவர் எங்களை வரவழைத்தார். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியதும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். காக்கி அரைக்கால்சட்டை, கரி ஏறிய நகங்கள், ஒட்டிய கன்னம். அவரைப் பார்த்ததும் அம்மா அழுதுவிட்டாள்.

“அப்பாகிட்ட போடி” என்று என்னை முன்னே தள்ளினாள்.

“இது அப்பா இல்ல. அப்பா கோட்டு போட்டிருப்பாரு” என்று அவள் சேலைக்குள் புகுந்துகொண்டேன்.

ரயிலில் அவர் வாங்கித் தந்த வாழைப்பழத்தை நான் தொடவேயில்லை. பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் எங்களுக்கு ஓர் அறை. அவருக்கு எஞ்சினுக்குக் கரி அள்ளும் வேலை. வேலை முடிந்து வந்து, தேய்த்துக் குளித்து, தலைவாரிக்கொண்டு பயந்து பயந்து என் பக்கம் வருவார். அந்த வரிசையில் இருந்த ஆண்களையெல்லாம் எப்படிக் கூப்பிடச் சொன்னார்களோ, அப்படியே அவரையும் மாமா என்றேன். அண்டை அயலார் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, சோற்றில் கை வைக்காமல் எழுந்துகொண்டார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

“அடிக்காத புள்ள. அதுக்கு என்ன தெரியும்” என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், கோட்டும் தலைப்பாகையுமாக என் அப்பா வாசலில் வந்து நின்றார். ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கோட்டில் பூச்சி உருண்டை வாசம் அடித்தது. வேர்த்து ஊற்றியும் அவர் அதைக் கழற்றவில்லை. என்னை மடியில் வைத்துக்கொண்டு ஊரில் நான் செய்த சேட்டைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டார். அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அது பத்து ரோடு என்ற கடைத்தெருவில் ஒரு சீன முதலாளியின், அங்கே சொல்வதுபோல் தவுக்கேயின், ஸ்டூடியோவில் தொங்கிய கோட்டு. ஊருக்குப் போட்டோ அனுப்பிய நம்மாட்கள் எல்லாரும் ஒருமுறை அதற்குள் புகுந்து வெளியே வந்தவர்கள்தான். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொன்னது.

பொழுது சாய்ந்ததும் அப்பா என்னை மடியிலிருந்து இறக்கினார்.

“கோட்ட ஸ்டூடியோ தவுக்கேகிட்ட திருப்பிக் குடுக்கணும்மா. அது போயிரும். நான் மட்டும் இங்க இருக்கவா?”

நான் யோசித்தேன். கோட்டு இல்லையென்றால் ஆள் கொஞ்சம் மட்டம்தான். ஆனாலும் மடி நன்றாக இருந்தது.

“சரி, நீங்க இருங்கப்பா” என்றேன், வாடகைக்கு இடம் விடும் வீட்டுக்காரி மாதிரி.

அவர் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு வேர்வையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

“அழுக்காயிரும்ப்பா, தவுக்கே திட்டுவாரு” என்று அவரைக் கண்டித்தேன்.