காளீஸ்வரன் பெயர் இல்லாத தூண்

மாடத்தி மதினிக்குப் பிடிவாதம் அதிகம். அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷம் பட்டாசுக் குழாயில் வெடிமருந்து செலுத்தியவள், மகன் காளீஸ்வரனை அந்த வாசலை மிதிக்கவே விடவில்லை. “கருகிச் சாகவா பெத்தேன்?” என்று சண்டை போட்டுச் சரக்குக் கப்பல் வேலைக்கு அனுப்பினாள். நாலு வருஷத்துக்கு முன் புயலில் கப்பல் மூழ்கியது. பதினோரு பேர் கிடைக்கவில்லை. அவனும் அதில் ஒருவன்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. மாலுமிகளுக்கு நினைவுத்தூண் எழுப்புகிறார்களாம், காணாமல் போனவர்கள் பெயரையும் பொறிப்பார்களாம், வீட்டார் கையெழுத்து வேண்டுமாம். மதினி தொடவே இல்லை. எங்கள் பக்கம் கம்பெனி வெடித்தால் சாம்பல் ஆறுமுன் நஷ்டஈட்டுக் காகிதத்தோடு முதலாளியின் ஆள் வந்து நிற்பான். கையெழுத்து விழுந்தால் கதை முடிந்தது, அப்புறம் கேட்க நாதியில்லை. உடம்பைக் கண்ணில் காட்டாமல் கையெழுத்துப் போடாதே என்று பொம்பளைகள் எங்களுக்குள் சொல்லி வைத்திருக்கிறோம்.

“ஏ பொன்மணி, கையெளுத்தப் போட்டா தேடுறத நிறுத்திருவாக” என்றாள்.

“போடாதீக மதினி” என்று நானும் சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட! மூன்று கடிதம் வந்தது. மூன்றுக்கும் பதில் போகவில்லை.

போன மாதம் தூணைத் திறந்தார்கள். என் அண்ணன் மணிமுத்து, மதினி, நான் மூவரும் சாத்தூரில் பஸ் ஏறிப் போனோம். பாய்மரக் காலத்திலிருந்து கப்பல் கப்பலாகச் செதுக்கி, கீழே பெயர்கள் வெட்டியிருந்தார்கள். மதினி எழுத்துக் கூட்டி, விரல் வைத்துப் படித்தாள். அவனோடு போன பத்துப் பேரும் இருந்தார்கள். அவன் இல்லை.

அங்கிருந்த அலுவலர் கையைப் பிசைந்தார். “மூணு தடவை எழுதினோம்மா. இனிக் கல்லுல சேர்க்க முடியாது.”

“கையெளுத்துப் போட்டா தேட மாட்டீகளேய்யா!”

“தேடுறதைக் கப்பல் மூழ்கின அந்த மாசமே நிறுத்தியாச்சேம்மா. உங்களுக்குத் தெரியாதா?”

மதினி தூணில் தலையை முட்டிக்கொண்டாள். “ஐயா, எம்மகன் செத்துட்டான்யா! செத்துத்தான் போனான்! எங்கன போடணும், காட்டுங்க, இப்பமே போடுதேன்!”

அவன் செத்துவிட்டான் என்று அதுவரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணன் அங்கேயே வெறுந்தரையில் உட்கார்ந்து, மகனுக்காக முதல் தடவையாக அழுதார்.