எட்டு வருடமாக மார்ச் பதினான்கு

என் சித்தி எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று பட்டியல் போடுவதைவிட, எதற்குப் பயப்பட மாட்டாள் என்று சொல்வது சுலபம். பாம்புக்குப் பயப்பட மாட்டாள். ஒருமுறை கழுவுதொட்டிக் குழாய் வழியாக வந்த ஒன்றைத் துடைப்பத்தால் வாசல்வரை வழியனுப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஆனால் கணினித் திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரம் முளைத்து “இப்போது புதுப்பிக்கவா, பிறகா?” என்று கேட்டால் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். பதினோரு வருடமாகப் “பிறகு” என்பதை மட்டுமே அழுத்தியிருக்கிறாள்.

அவள் வேலை காது பரிசோதனை. மருந்துக் கடைக்கு மேலே ஒரே அறை. அறைக்குள் பீரோ அளவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே உட்கார்ந்து ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ‘கூ’ என்று கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு மெல்லிய ‘கூ’ வரை கேட்கிறது என்பதைச் சித்தி கணினியில் ஏற்றி வரைபடம் எடுத்துக் கொடுப்பாள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. தெருவில் எல்லாருக்கும் அவள் ‘காது டாக்டரம்மா’. நான் டாக்டர் இல்லை என்று அவளும் திருத்திப் பார்த்துவிட்டாள். வருகிறவர்களுக்குத்தான் காது கேட்பதில்லையே.

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, மூன்று வாரத்துக்கு முன் அவள் வீட்டில் வந்து இறங்கியிருந்தேன். என் லேப்டாப்பில் ஓடுவது விண்டோஸ் இல்லை, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரிசோதனை அறைப் பிரிண்டரைச் சரிபார்க்க வந்திருந்த மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டார். அங்கே ஆரம்பித்தது பேச்சு. எந்தக் கணினிக்கு எந்த நோய் வந்தாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே அவர் வைத்தியம் என்பதால் அவருக்கு ‘ஃபார்மட் அண்ணன்’ என்று பெயர்.

“சும்மா கொடுக்கிறான்னா எங்கயோ கை வைக்கிறான்னு அர்த்தம்” என்றார் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காரும் சித்தப்பா.

“யாரும் கொடுக்கல சித்தப்பா. ஆளுக்குக் கொஞ்சமா எழுதிச் சேர்க்கிறாங்க. உள்ளே என்ன இருக்குன்னு யார் வேணா திறந்து பார்க்கலாம்.”

“நீ பார்த்தியா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

ஃபார்மட் அண்ணன் பிரிண்டருக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். “எல்லாம் ஒண்ணுதான் சார். காசு கொடுத்து வாங்கினாலும் படுக்கும், ஓசியில வந்தாலும் படுக்கும். படுத்தா ஃபார்மட்.”

சித்தி கணினிப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டினாள். காது பரிசோதனை மென்பொருளை விற்ற கம்பெனியின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன. “எது நல்லது, எது கெட்டதுன்னு எனக்குத் தெரியாதுடி. ஏதாவது ஆச்சுன்னா போன் பண்ண ஒரு நம்பர் வேணும். உன்னோடதுல இருக்கா?”

இல்லை என்றேன். அவள் கணினியின் மேல் துண்டைப் போர்த்தி மூடினாள்.

மறுநாள் காலை அவளுக்குப் பல் பிடுங்கும் நாள். “நீ போய்க் கதவைத் திறந்து, மெஷினை ஆன் பண்ணி மட்டும் வை. வேற எதையும் தொடாதே” என்று இரண்டு தடவை சொன்னாள். தொட வேண்டும் என்று நான் போகவில்லை. ஆன் செய்ததும் மூலையில் தேதி தெரிந்தது: மார்ச் பதினைந்து, எட்டு வருடத்துக்கு முந்தையது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்திருக்கும், பாவம் சித்திக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். தேதியைச் சரிசெய்தேன். வந்ததும் அவள் உடனே வேலையைத் தொடங்கட்டும் என்று மென்பொருளையும் திறந்து வைத்தேன்.

திரையில் சிவப்புக் கட்டத்தில் மூன்று வரிகள் வந்தன. உரிமக் காலம் முடிந்துவிட்டது. தேதியில் முறைகேடு கண்டறியப்பட்டது. பதிவுகள் அனைத்தும் பூட்டப்பட்டன.

தேதியைப் பழையபடி மாற்றினேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே மூன்று வரிகள்.

சித்தி வந்தபோது ஊசி போட்ட பாதி முகம் மரத்துப்போய் உதடு ஒரு பக்கம் தொங்கியது. பயம் முழுவதும் கண்ணில்தான் தெரிந்தது. “தேதியை... மாத்தினியா?” என்று குழறிக் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் திட்டவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே அவள் ஏதாவது சொன்னாளா, அழுதாளா, எனக்குத் தெரியாது. அந்தக் கூண்டிலிருந்து சத்தம் வெளியே வராது.

பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து சொன்னாள். உரிமத்தைப் புதுப்பிக்கக் கம்பெனி வருடா வருடம் ஒரு சாவி எண் அனுப்புமாம். எட்டு வருடத்துக்கு முன் அது வரவில்லை. வேறு மென்பொருளுக்குப் போனால் பழைய வரைபடங்களைக் கொண்டுபோக முடியாது என்று பயந்திருக்கிறாள். மார்ச் முப்பத்தொன்றோடு உரிமம் முடிகிறது, தேதியைப் பின்னால் தள்ளினால் ஓடும் என்று ஃபார்மட் அண்ணன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்று முதல் தினமும் காலையில் கணினியை மார்ச் பதினான்குக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். தாளில் அச்சாகும் பொய்த் தேதி மேல் வெள்ளைத் துண்டு ஒட்டி, அன்றைய தேதி முத்திரையைக் குத்தித் தருவாள். யாருக்கு என்றைக்குப் பரிசோதனை நடந்தது என்று பதிவு எண்ணோடு ஒரு நீல நோட்டில் எழுதி வருவாள். சித்தப்பாவுக்குக்கூட இது தெரியாது.

“அந்த நம்பருக்கு அப்பவே போன் பண்ணியிருக்கலாமே சித்தி?”

“எடுக்கலைன்னா என்னடி பண்றது?” என்றாள். எட்டு வருடம் அவள் அந்த எண்ணை அழைத்ததே இல்லை. நான் அழைத்தேன். நாலாவது மணியில் ஒருவர் எடுத்தார். “மெத்தைக் கடைங்க. சிங்கிளா, டபுளா?”

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சித்தி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தவர் பஸ் டிரைவர். சின்ன வயதில் பொன்னுக்குவீங்கி வந்து இடது காது போனவர். வலது காது கூர்மை. இருபது வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறார். இப்போது போக்குவரத்துக் கழகத்துக்குப் புதிதாக வந்த மருத்துவக் குழு, இடது காது சமீபத்தில்தான் கெட்டிருக்கிறது, வலதும் போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுகிறது. ஆறு வருட வரைபடங்களைக் காட்டி, எதுவும் மாறவில்லை என்று நிரூபித்தால்தான் ஸ்டியரிங். இல்லையென்றால் பணிமனையில் டயர் எண்ண வேண்டும். குழு கூடுவது அன்று மூன்று மணிக்கு.

“நான் கொடுத்த பேப்பரெல்லாம் எங்க சார்?” என்று அவருடைய வலது பக்கம் போய்க் கேட்டாள் சித்தி.

“வீட்டம்மா அலமாரித் தட்டுல விரிச்சுட்டா டாக்டரம்மா!” அவர் பேச்சு எப்போதுமே உரக்கத்தான் இருக்கும். “கெட்டியா, நல்ல பேப்பரா இருந்துச்சாம்! உங்க மெஷின்ல இருக்குமே, அப்படியே அடிச்சுக் கொடுங்க!”

அதற்குள் பிரிண்டரின் மீதி வேலைக்கு ஃபார்மட் அண்ணனும் வந்துவிட்டார். சிவப்புக் கட்டத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“அந்த வார்த்தையைச் சொன்னீங்க, அப்புறம் நடக்கிறதே வேற” என்றாள் சித்தி. அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

என் சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்தே லினக்ஸை ஓட்டலாம். கணினியின் ஹார்ட் டிஸ்கில் எதையும் எழுதாமல் உள்ளே பார்க்கலாம். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். ஒரு தடவை கெடுத்த கை அது.

“அழிச்சிடுமா?”

“அழிக்காது.”

“சத்தியமா?”

சித்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. “போடு” என்றாள்.

திரை கறுத்தது. பழைய விசிறி கரகரவென்று சுற்றியது. பிறகு இரண்டு பொத்தான்கள் வந்தன. ஒன்று, முயன்று பார். இன்னொன்று, நிறுவு. இரண்டாவதில் இறங்கினால் பதினோரு வருடமும் அழிந்துபோகலாம். என் மணிக்கட்டைச் சித்தி பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. மவுஸ் அம்பு ஒரு கணம் ‘நிறுவு’ மேல் போய் நின்றது. ஃபார்மட் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் அம்பை மெல்ல நகர்த்தி முதல் பொத்தானை அழுத்தினேன்.

நாலு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது நிமிடம் கோப்புகள் தெரிந்தன. பூட்டு, மென்பொருளின் வாசலில்தான் இருந்தது. பின்பக்கம் எல்லாம் திறந்தே கிடந்தது. மிகப் பெரிய கோப்பை லினக்ஸோடு வந்த, எக்செல் போன்ற கணக்குத் தாளில் திறந்தேன். ஆயிரக்கணக்கான வரிசைகள். பெயர் இல்லை, தலைப்பு இல்லை, வெறும் எண்கள்.

“இதுல என்ன இருக்கு? ஒண்ணும் புரியலையே” என்றேன்.

சித்தி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள். நீல நோட்டைப் பிரித்து டிரைவரின் ஆறு பதிவு எண்களைத் தேடினாள். “பதிவு எண்ணுக்கு அடுத்த ஆறு கட்டம் வலது காது. அடுத்த ஆறு இடது. இதோ பாரு, எழுபது, எழுபத்தஞ்சு, எண்பது. இது இவர்தான்.” ஒருவரைத் தெருவில் நடையை வைத்துக் கண்டுபிடிப்பதுபோலச் சொன்னாள். வரைபடத் தாளை எடுத்து, சிவப்புப் பேனாவும் நீலப் பேனாவுமாக ஆறு வருடத்தையும் கையால் வரைந்தாள்.

ஆறாவது தாள் முடிந்ததும் அவள் பேனா நின்றது. எல்லா வரிசையிலும் கடைசிக் கட்டத்தில் ஒரே தேதி. மார்ச் பதினான்கு.

“தேதியை மட்டும் நாம மாத்தி அடிச்சுக்கலாம்கா” என்றார் ஃபார்மட் அண்ணன் தணிந்த குரலில். “நோட்டு இருக்கிறதே யாருக்கும் தெரிய வேணாம். எவன் பார்க்கப் போறான்?”

அவர் நின்றது டிரைவருக்கு இடது பக்கம். “என்ன சொல்றார்?” என்றார் டிரைவர்.

அதற்குச் சித்தி ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். எழுந்து அவருடைய வலது பக்கம் போனாள். “சார், எட்டு வருஷமா நான் மெஷின்ல பொய்த் தேதி வெச்சிருந்தேன். நிஜத் தேதி இந்த நோட்டுல இருக்கு. நான் வந்து சொல்றேன். அவங்க நம்பினா உங்களுக்கு பஸ். நம்பலைன்னா உங்களுக்கு பஸ்ஸும் இல்ல, எனக்கு இந்த ரூமும் இல்ல.”

டிரைவர் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “கிளம்புங்க” என்றார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

குழுவின் அறையில் மூன்று மருத்துவர்கள். நான் கதவோரம் நின்றேன். நடுவில் இருந்தவர் நாங்கள் அச்செடுத்துக் கொண்டுபோன எண் வரிசைத் தாளையும் நோட்டையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார். “இங்க எல்லாம் ஒரே நாள். எதும்மா நிஜம்?”

சித்தியின் உதடு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் குழறலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். வராத சாவி எண், ஒட்டிய வெள்ளைத் துண்டு, அழைக்காத தொலைபேசி. சொல்லும்போது கையிலிருந்த பையின் பிடியைத் திருகித் திருகி அதைக் கோணலாக்கிவிட்டாள்.

“அப்போ நீங்க கொடுத்த எல்லா ரிப்போர்ட்டையும் சந்தேகப்படணும்?”

“தேதியை மட்டும் சார். காது அளவு பொய் இல்ல. வேணும்னா இப்பவே இவரை உங்க மெஷின்ல உட்கார வெச்சுப் பாருங்க.”

உட்கார வைத்தார்கள். இருபது நிமிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரைவர் பொத்தானை அழுத்துவதையே சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வருடத்தில் அவருக்கு வலது காதும் குறைந்திருந்தால்? அதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுடைய கோட்டின் மேல் அவள் கையால் வரைந்த ஆறு தாள்களையும் வைத்துப் பார்த்தார் நடுவில் இருந்தவர். ஒரே ஓர் இடத்தில் ஒரு கோடு விலகியது, அதுவும் அரைக் கட்டம். டிரைவருக்கு பஸ் நிலைத்தது. நீல நோட்டை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். பரிசோதனை அறையைப் பார்க்க ஆள் வருவார்கள், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள்.

மறுநாள் காலை சித்தி கணினியின் துண்டை எடுத்தாள். ஆன் செய்யவில்லை. நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள்.

“உன்னோடதைப் போடு. முதல்ல எல்லாத்தையும் ரெண்டு காப்பி எடு. இதுவும் ஒருநாள் என்னைப் பூட்டிடுமா?”

“பூட்டாது. ரிப்பேர் ஆகலாம்.”

“ஆனா?”

“எனக்கு போன் பண்ணு.”

“நீ இங்க இருப்பியா?” என்றாள்.

மறுபடி ஊரைவிட்டுக் கிளம்ப இருபத்திரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினாள். சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி நாட்காட்டியைப் பார்த்தாள். அதன் கீழே என் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதினாள்.

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. பேனா நின்றது.

“இது மெத்தைக் கடைக்குப் போயிடாதுல்ல?” என்று கேட்டாள். கண் கதவின் மேலேயே இருந்தது.