முன்னால் ஒரு சைபர்

மாமாவை இரட்சிப்புக்குள் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்துசேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன் பெரியவர்கள் முயன்று பார்த்திருந்தார்கள். அம்மா எட்டு வருடங்களாக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்து தன் தம்பிக்காக ஜெபித்துவந்தார். பாஸ்டர் இரண்டு முறை அவரை வீடு தேடிப் போய்ப் பார்த்தார். சபையின் ஆண்கள் கூட்டத்திலிருந்து நாலு பேர் போய், மாமா வாங்கிக்கொடுத்த தே தாரிக் டீயைக் குடித்துவிட்டு, நல்ல மனுஷன் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

எங்கள் சபை, ஆயர் ஈத்தாம் என்ற ஊரின் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருந்தது. கீழே மீன்சாறு ஊற்றிய நூடுல்ஸ் விற்கும் லக்சா கடை. பாஸ்டர் கண்களை மூடி ஜெபிக்கும்போது மீன் கொதிக்கும் வாசம் ஜன்னல் வழியாக ஏறிவரும். நீண்ட ஜெபங்களின்போது என்னைச் சோதித்தது சாத்தான் அல்ல, அந்த வாசம்தான். லக்சா கடைக்கு மூன்று கடை தள்ளி நம்பர் கடை. அதைத் தாண்டும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து நடையைக் கூட்டுவார், கட்டாத நாய் நிற்கும் வாசலைத் தாண்டுவதுபோல. அங்கே பாவம் விற்கிறார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும். எப்படி விற்கிறார்கள் என்று தெரியாது.

மாமா கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்துப் பள்ளியை நாலாம் வகுப்போடு விட்டவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். ஆகவே மின்கட்டண பில்லிலிருந்து வேத வசனம்வரை நான் வாசித்தால்தான் எங்கள் வீட்டுக்கு விஷயம் தெரியும். மாமா தமிழ் வாசிப்பார்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒரு வரியைக் கடப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். அம்மா வாங்கிக்கொடுத்த பைபிளை அவர் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டோடு வைத்திருந்தார். "பத்திரமா இருக்குக்கா. நான் போற எடமெல்லாம் கூடவே வருதுலா," என்பார்.

அந்த வருடம் அத்தை கைக்குழந்தையோடு சுங்கை பட்டாணியில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அத்தை எப்போது வருவார் என்று நான் கேட்டால், அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா கடல்பாலத்தைக் கடந்து தீவிலிருந்த எங்கள் ஃபிளாட்டுக்குச் சாப்பிட வருவது வழக்கமாயிற்று. நாங்கள் ஆராதனை முடிந்து திரும்பும்போது கதவுக்கு வெளியே ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும் கேட்டார், "இன்னிக்கு ஸண்டே ஸ்கூல்ல என்னா சொல்லிக் குடுத்தாங்க?"

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

அந்த வருடம் முழுவதும் எங்களுக்கு பைபிளின் சங்கீதங்களிலிருந்துதான் மனப்பாட வசனம். பயமில்லாமல் படுத்துத் தூங்குவேன் என்ற பொருளில் வரும் அந்த வாரத்து வசனத்தை ஒப்பித்தேன். மாமா தலையாட்டினார்.

"நம்பர் என்னா?"

"நாலாவது சங்கீதம், எட்டாவது வசனம்."

பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்: 0408. எதற்கு முன்னால் சைபர் என்று கேட்டேன்.

"ஆண்டவர் வார்த்தை இல்லையா? சும்மா மொட்டையா எழுதலாமா? முன்னால ஒரு சைபர் போட்டாத்தான்டா மரியாதை."

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. சபையில் இருபது வருடமாக இருப்பவர்களுக்குக்கூடத் தோன்றாத மரியாதை அது.

அதிலிருந்து வாராவாரம் கேட்டார். நானும் கண்டிப்பான ஊழியக்காரனாக மாறினேன். முதலில் வசனத்தை நான் சொல்ல வேண்டும், பிறகு அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் நம்பர். மாமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பிச் சொல்வார். ஒரு வாரம் நூற்றுப் பத்தொன்பதாவது சங்கீதம், நூற்றைந்தாவது வசனம் வந்தது. மாமாவின் முகம் வாடிவிட்டது.

"ஆறு நம்பராடா? ஆண்டவர் ரொம்ப நீட்டிப் பேசிட்டாரு. நாலோட நிக்கிற மாதிரி ஏதும் இல்லையா?"

அடுத்த வாரமே நூற்று இருபத்தொன்று, இரண்டு. உள்ளங்கையில் 1212 என்று எழுதிப் பார்த்துவிட்டு மாமா எழுந்தே நின்றுவிட்டார். அவசரமாகக் கீழே போனவர் பத்து நிமிடத்தில் சோர்ந்துபோய்த் திரும்பி வந்தார்.

"எனக்கு முன்னாடியே எல்லாருக்கும் இந்த வசனம் தெரிஞ்சிருக்குடா," என்றார்.

ஆமாம் மாமா, ரொம்பப் பேருக்குத் தெரிந்த வசனம்தான் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சொல்லும் சாட்சி நேரத்தில் அம்மா எழுந்து முன்னால் போனார். அம்மா மைக்கைப் பிடித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை வாயருகே வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் கெண்டியைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எந்தம்பி இப்ப வாரம் தவறாம வசனம் கேக்கறான். கையில எழுதிக்கிட்டுப் போறான். வழியில எல்லாம் படிச்சுக்கிட்டே போவான்போல," என்றார். மைக்கைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. தம்புரின் வைத்திருந்த அக்கா அழுதார். பாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். லக்சா வாசம்கூட அன்று ஆசீர்வாதமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஸண்டே ஸ்கூலில் ஆசிரியை அக்கா, அந்த வருடம் படித்த வசனங்களின் எண்களைப் பலகையில் எழுதச் சொன்னார். என் முறை வந்தபோது நான் மரியாதையோடு 04 : 08 என்று எழுதினேன். ஏன் சைபர் என்று அக்கா கேட்டார். மாமா சொன்ன காரணத்தைச் சொன்னேன். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையின் ஒரு மூலையை வெகுநேரம் துடைத்தார்.

பின்வரிசையிலிருந்த பையனுக்கு அவ்வளவு கருணை இல்லை. வகுப்பு முடிந்து படியில் இறங்கும்போது என் காதில் சொன்னான்: "டேய் முட்டாள், அது நாலு நம்பர் லாட்டரிடா. உங்க மாமா நம்பர் எடுக்கறாரு. நாலு எடம் நெறையணும்ல, அதான் சைபர்."

ஆராதனை முடிந்து அம்மா பேசிக்கொண்டிருந்தபோது நான் தனியாகக் கீழே இறங்கி நம்பர் கடைக்கு முன்னால் போய் நின்றேன். வாசலில், விற்றுத் தீர்ந்த எண்களின் பட்டியலில் 1212 இருந்தது. கண்ணாடியில் முந்தின நாள் குலுக்கலில் விழுந்த எண்களை ஒட்டியிருந்தார்கள். எல்லாம் நாலு நாலு இலக்கம். நாலைந்து எண்களுக்கு முன்னால் சைபர். அவ்வளவு மரியாதை.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும் வழியில் அம்மா முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே வந்தார். தம்பிக்காக ஆட்டிறைச்சி வாங்கியிருந்தார். சபை முழுவதும் கேட்க மைக்கில் சொல்லியாயிற்று. சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்குவதற்கு எங்கள் சபையில் ஒரு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

அன்று மாமா கேட்டபோது நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வசனத்தைச் சொன்னேன். உள்ளம் உடைந்துபோனவர்களுக்கு ஆண்டவர் மிகவும் கிட்டத்தில் இருக்கிறார் என்ற வசனம். மாமா அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. வாழ்க்கையில் முதல் பெரிய பொய்க்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நம்பர்?"

உண்மையான எண் முப்பத்து நாலு, பதினெட்டு. "பதினெட்டாவது சங்கீதம், முப்பத்து நாலாவது வசனம்," என்றேன்.

1834 என்று கையில் எழுதிக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுவதும் இரவு ஜெபத்தை இரண்டு முறை சொன்னேன். பொய் பாவம். வேத வசனத்தில் பொய் சொல்வதற்கு என்ன தண்டனை என்று யாரையும் கேட்கவும் முடியாது. இருந்தாலும் ஆண்டவருடைய வார்த்தையை நம்பர் கடையிலிருந்து காப்பாற்றியவன் நான் என்ற ஒரு கணக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு மாமா எதுவும் கேட்காமல் சாப்பிட்டார். கிளம்பும்போது அம்மா குழம்பு டப்பா ஒன்றைக் கொடுத்து, கீழேவரை தூக்கிக்கொண்டு போ என்று என்னை அனுப்பினார். லிஃப்ட் கெட்டிருந்தது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் மாமா நின்றார்.

"டேய், போன வாரம் எனக்குத் தப்பு நம்பரா குடுத்த?"

நான் டப்பாவைப் பார்த்தேன்.

"அங்க வில்ல வளைக்கிறதப் பத்தி என்னமோ போட்டிருக்குலா. வெங்கல வில்லாம். நீ சொன்னது அங்க இல்லையே."

பிடிபட்டுவிட்டேன். அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

"நீங்க மட்டும்? நீங்க அத நம்பர் கடையிலதானே எழுதறீங்க! எனக்குத் தெரியும்!"

மாமா மேலே, எங்கள் வீடு இருந்த திசையை, அண்ணாந்து பார்த்தார். குரல் தாழ்ந்துபோனது.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்டா சொல்லல?"

"அம்மா மைக்ல சாட்சி சொல்லிட்டாங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நின்றுவிட்டது. என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கீழே யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. டப்பா மூடியை அழுத்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"சரி, நெஜ நம்பர் என்னா?"

"சொல்ல மாட்டேன்."

"இது ஒண்ணு மட்டும் சொல்லுலா."

"மாட்டேன் மாமா. அது பாவம்."

"சரிடா, சரி," என்றார். என் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு, டப்பா சாயாமல் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன். சாத்தானை நேருக்கு நேர் ஜெயித்தவனுக்கு லிஃப்ட் எதற்கு?

அதன் பிறகும் மாமா ஞாயிறுகளில் வந்தார், சாப்பிட்டார், போனார். வசனம் கேட்கவில்லை. அம்மா காரணம் புரியாமல் வெள்ளிக்கிழமையோடு புதன்கிழமையையும் உபவாசத்துக்குச் சேர்த்துக்கொண்டார். அத்தை திரும்பி வரவே இல்லை.

பல வருடம் கழித்து, பல்கலைக்கழக விடுதியில் ஒரு காலை, வழக்கமான வாசிப்பில் பதினெட்டாவது சங்கீதத்துக்கு வந்தேன். முப்பத்து நாலாவது வசனத்தில் வெண்கல வில் ஒன்று வளைந்துகொண்டிருந்தது. அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

வில்லைப் பற்றி நான் மாமாவுக்குச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. மழைக்கோட்டுக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, பதினெட்டைத் தேடி, அதில் முப்பத்து நாலைத் தேடி, எழுத்தெழுத்தாக விரலை வைத்து, வியர்த்து, தான் தேடி வந்தது அங்கே இல்லை என்று அவரேதான் கண்டுபிடித்திருக்கிறார். நம்பர் கடைக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. அதற்கு உள்ளங்கையில் நாலு இலக்கம் போதும். எண் இல்லாமல் அவ்வளவு பெரிய புத்தகத்தில் ஒரு வரியைத் தேடிப்பிடிக்கத்தான் அவரால் முடியாது.

அம்மாவின் எட்டு வருட ஜெபத்துக்கு வந்த பதில், அன்று மூன்றாம் மாடிப் படியில் மடியில் குழம்பு டப்பாவோடு உட்கார்ந்து, என்னிடம் வழி கேட்டது. எனக்கோ என் பொய் பிடிபட்டது மட்டும்தான் புரிந்தது.