மழையில் கரையாத வெள்ளைப் பொடி

2024 ஜூலை 11, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வடசேரியில் ஒரு கெமிக்கல் கடையில் நான் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். காலையில் எம்.ஏ. தமிழ் வகுப்பு, மாலையில் கடை. இராஜாக்கமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பி.டி. சார் நனைந்த குடையோடு உள்ளே வந்தார்.

"அண்ணாச்சி, சாரல்ல கரையாத வெள்ளப் பொடி ஏதாவது இருக்கா? நாளைக்கு ஸ்போர்ட்ஸ் டே. சுண்ணாம்புல கோடு போட்டா, பத்து மணிக்குக் கோட்டையும் காணோம், ஓடுகவனையும் காணோம்."

முதலாளி சிரித்தார். "மக்கா, அந்த லிஸ்ட எடு."

அந்தப் பட்டியல் நான் எழுதியது. மழைக்காலத்தில் எங்கள் குடோன் தரையில் நீர் ஊறும். அதனால் இரசாயன உப்புகள் அனைத்தையும் கரைதிறன்படி பிரித்து, கரைபவற்றை மேல்தட்டிலும், சிறிதளவு கரைபவற்றை நடுத்தட்டிலும், கரையாதவற்றைத் தரைப்பலகையிலும் அடுக்கும் வேலையை என்னிடம் தந்திருந்தார்கள். ஒவ்வொரு சரக்கோடும் வரும் கம்பெனித் தாளில் நீரில் கரைதிறன், அமிலத்தில் கரைதிறன், எச்சரிக்கை என மூன்றும் இருக்கும். "தண்ணிக் கணக்கு மட்டும் போதும், லிஸ்ட் எழுதுக கார்டு சின்னது" என்றார் முதலாளி. நானும் அதை மட்டுமே எழுதினேன்.

"பேரியம் கார்பனேட். வெள்ளை. கரையாது" என்று வாசித்தேன்.

கூரை ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று வேண்டாமென்று சொல்லிவிட்ட அதன் இரண்டு மூட்டைகள் தரைப்பலகையில் கிடந்தன. அவை ஆட்டோவில் ஏறின. கோடு போடும் மெஷின் இருக்கிறதா என்று முதலாளி கேட்டார்.

"மெஷின் எதுக்கு? கோலம் போடுகப் பிள்ளையளு இருக்காளுவல்லா. கையாலயே இழுத்துருவாளுவ, ஸ்கேல் வச்ச மாதிரி."

ஐந்தே முக்காலுக்குத் தாள்களைக் கோப்பில் சேர்க்கும்போது, நான் எழுதாமல் விட்ட வரிகள் கண்ணில் பட்டன. நீர்த்த அமிலத்தில் கரையும். உட்கொண்டால் நச்சு. மனித இரைப்பையில் இருப்பதும் நீர்த்த அமிலம்தான். அந்தப் பொடி அப்பிய விரல்களால் நாளை சிறுமிகள் இட்லியைப் பிட்டுத் தின்பார்கள். தாளோடு முதலாளியிடம் போனேன்.

"ஆசிட்லதான கரையும்? பிள்ளையளு என்ன ஆசிட்லயா ஓடப்போகு?"

"வயித்துக்குள்ள இருக்கது ஆசிட்தான், அண்ணாச்சி."

"பண்டு காலத்துல இத எலிக்கு வைக்க வாங்குவாவ. எலியும் மனுசனும் ஒண்ணா?"

எலிக்கு வைக்கும் பொருள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"சாரோட நம்பர் தாங்க. நான் சொல்லுகேன்."

"நீ தமிழ் படிக்கப்பட்ட பிள்ள. ஒனக்கு எதுக்கு இந்த வேல? கரையாதுன்னு எழுதினது யாரு? ஒன் கையெழுத்துதான?"

ஆம், என் கையெழுத்துதான். அறியாமையை மன்னிக்கலாம். அறிந்த ஒருவர், தேங்கிய சரக்கு நகர வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளின் விரல்களுக்கு நஞ்சை அனுப்பிவிட்டு, பழியைப் பகுதிநேரப் பெண்ணின் எழுத்தின்மேல் சாய்ப்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க இயலவில்லை. சொன்னதை மட்டும் எழுதிய என்னையும் நான் விட்டுவிடவில்லை. எனக்குப் பின் இத்தகைய வேலைக்கு வருகிறவர்கள், 'கரையாது' என்று எழுதும் முன் 'எதில்?' என்று கேளுங்கள். பதில் கார்டில் அடங்காவிட்டால் பெரிய கார்டு கேளுங்கள்.

பில் நகலில் பள்ளியின் எண் இருந்தது. ஏழு முறை அழைத்தேன். எவரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பேருந்தில் போனேன். மைதானத்தில் இரண்டு கோடுகள் முடிந்து, மூன்றாவதில் ஆறு சிறுமிகள் குந்தியிருந்தார்கள். பி.டி. சாரிடம் தாளை நீட்டினேன். அவர் ஒருமுறை படித்தார், மறுபடியும் படித்தார்.

"அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலியே, மக்கா" என்றவர், திரும்பி உரக்கக் கத்தினார்: "ஏட்டி, எல்லாவளும் எழும்புங்க! வாயில கை வைக்காதீங்க! எவளாவது எதாவது தின்னியளா?"

"இன்னும் சாப்பிடல சார். பசிக்கி."

குழாயடியில் ஒவ்வொருத்தியின் கையையும் சோப்புப் போட்டு நானே கழுவிவிட்டேன், நகக்கண் வரை. பிறகு சாரும் நானும் கைகளில் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிக்கொண்டு, கோடுகளை நனைத்து மண்ணோடு வாரிச் சாக்கில் கட்டினோம். ஒன்பது மணிக்கு, முதலாளி ஷட்டரைத் தூக்கும் முன், இரண்டு மூட்டைகளையும் அந்த மண்சாக்கையும் ஆட்டோவில் கொண்டுவந்து கடைவாசலின் நடுவில் இறக்கிவைத்தேன். ஒவ்வொன்றின்மேலும் 'நஞ்சு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அவர் வரும்வரை பக்கத்தில் நின்றேன்.