பகல் ஷிஃப்டுக்காக ஜப்பான் போனேன்

ராத்திரி ஷிஃப்ட் என்பது ஊர் எழுந்திருக்கும்போது படுக்கப் போகிற வேலை. என்னைப் போலவே கண் எரிந்துகொண்டிருக்கும் தோழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். செங்கல்பட்டு பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். படித்துவிட்டு வந்தவனில்லை, பக்கத்தில் நின்று பார்த்தே பழகியவன். காலையில் நான் ஊரப்பாக்கத்தில் இறங்கும் நேரம் என் மனைவி சாந்தி தாம்பரத்துக்கு வேலைக்கு ரயில் ஏறுவாள். பிளாட்பாரத்தில் வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் எங்கள் குடித்தனம்.

புது மெஷின் வருகிறது, உன்னையும் கூட வேலை செய்யும் கோவளத்து சலீமையும் பழகிவர ஜப்பானுக்கு அனுப்புகிறோம், அங்கே தேறி வந்தால் பகல் ஷிஃப்ட் என்றார் மேனேஜர். ஜப்பான் என் காதில் சரியாக விழவில்லை. பகல் விழுந்தது.

தலையாட்டம்

அங்கே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மோரி சார். அவர் பேசப்பேச போன் தமிழில் சொல்லும். ஒரு நட்டை எப்படி முறுக்குவது என்று காட்டிவிட்டு, புரிந்ததா என்று என் முகத்தைப் பார்ப்பார். நான் மரியாதையாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். உடனே முதலிலிருந்து ஆரம்பிப்பார். நானும் ஆட்டுவேன், அவரும் ஆரம்பிப்பார். மண்டு என்று முடிவு கட்டி ஊருக்கு எழுதிவிட்டால் பகல் ஷிஃப்ட் போச்சே என்று இன்னும் வேகமாக ஆட்டினேன். நம் ஊர் ‘சரி சார்’ ஆட்டம் அவர்களுக்கு ‘இல்லை’ என்று சலீம்தான் கண்டுபிடித்தான்.

“அண்ணாத்த, தலைய ஆட்டாம கம்முனு இரு. இல்லாங்காட்டி நீ ரிடையர் ஆவற வரைக்கும் இந்த ஒரு நட்டையேதான் காட்டிகினு இருப்பாரு.”

ஷூ காணவில்லை

லீவு நாளில் கியோட்டோ போனோம். சிவப்பு வாசல் வைத்த ஒரு பெரிய கோவில். வாசலிலேயே ஷூவைக் கழற்றினோம். அதையும் சும்மா விடவில்லை. ஜோடியாகக் கிடந்தால்தானே தூக்குவான்? ஒன்றை இந்தத் தூணடியில், இன்னொன்றை அந்தப் புதரோரம் என்று நான்கையும் நான்கு பக்கம் வைத்தோம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சலீம் கடைப்பிடிக்கும் முறை. கோவிலில் என் முறையும் அதேதான். உள்ளே போனால் எல்லாரும் ஷூவோடு நடக்கிறார்கள். நாங்கள் மட்டும் காலுறையோடு சரளைக்கல்லில் தத்தினோம்.

திரும்பி வந்தால் ஒன்றுகூட இல்லை. இங்கேயும் நம்ம ஆளுங்க கீறாங்க என்று சலீமுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. தெருமுனைப் போலீஸ் அறையில் கேட்டோம். நான்கு ஷூவும் நான்கு தனித்தனிப் பைகளில் இருந்தன. போலீஸ்காரர் கவலையோடு போனில் பேசி, தமிழில் எங்களுக்குக் காட்டினார்.

“ஒரு கால் ஷூவை மட்டும் தொலைத்த நான்கு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.”

ஓட்டுநர்

திரும்பும்போது சின்ன ரயிலில், டிரைவர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வந்தோம். வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர், சிக்னல் வரும்போதெல்லாம் விரலை நீட்டி, பக்கத்தில் யாருமே இல்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். சலீம் ரொம்ப நேரம் உருக்கமாகப் பார்த்தான்.

“இவரும் நைட் ஷிஃப்ட்தான் போலக்கீது. தனியா பேசிகினு கீறாரு, பாவம்.”

விரல்

மறுநாள் மோரி சார் எங்களையும் அப்படியே செய்யச் சொன்னார். சரிபார்க்கும் ஒவ்வொரு இடத்தையும் விரலால் காட்டி, சரி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பொத்தானைத் தொடலாம். கை ஒன்று செய்ய, மனசு வேறெங்கோ போகாமல் இருக்க அந்த வழக்கமாம்.

கடைசி நாள் சோதனை. தகட்டை அழுத்தும் அச்சைக் கழற்றி, வேறு அச்சு மாட்டி ஓட்ட வேண்டும். வேலையில் எனக்குப் பயமில்லை, அது கைக்குத் தெரியும். மனப்பாடம் செய்த ஜப்பானிய வார்த்தைகள்தான் மெஷின் முன் நின்றதும் மொத்தமாகப் பறந்துவிட்டன. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று விரலை நீட்டினேன். “ஆயில் சரி, போல்ட்டு சரி, கதவு சரி” என்று பிளாட்பாரத்தில் கூப்பிடுகிற குரலில் சொல்லிக்கொண்டே போய்ப் பொத்தானை அழுத்தினேன். முதல் அடியிலேயே தகடு பிசிறில்லாமல் விழுந்தது. மோரி சார் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

“நீங்கள் சொன்னது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நான் பார்க்க நினைத்த இடத்தையெல்லாம் எனக்கு முன்னால் பார்த்துவிட்டீர்கள்.”

ஊர் திரும்பியதும்

மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். மோரி சார் அவ்வளவு புகழ்ந்திருந்தாராம். அதனால்தான் ஏற்பாட்டைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம் என்றார். சலீம் இன்னும் பழக வேண்டும், அவனுக்குப் பகல். பகலில் கேட்டுச் செய்ய இன்ஜினியர்கள் இருப்பார்கள். ராத்திரியில் மெஷின் நின்றால் ஆள் கிடையாது. தனியாகச் சமாளிப்பவன் நான் ஒருவன்தானாம்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தியிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

“வேலை தெரியாதவனுக்குப் பகலு, தெரிஞ்சவனுக்கு ராத்திரியா? நல்லாத்தான் கீது உங்க கம்பெனி.”

ஆக, இத்தனை வருஷ சர்வீஸில் நான் பகல் ஷிஃப்ட் பார்த்த ஒரே ஊர் ஜப்பான்தான்.