உறியில் வளர்த்த பிரண்டை

இந்த மலையில் உப்புச் சட்டியை அடுப்புக்கு நேர்மேலே உறி கட்டித் தொங்கவிடுகிறோம். தரையில் வைத்தால் இரண்டே நாளில் உப்பு கரைந்து தண்ணீராகிவிடும். தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு படுக்கிறோம். துவைத்த துணியை, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் கொண்டுபோய் உலர்த்துகிறோம். போடியிலிருந்து எப்போதாவது ஏறி வருகிற சொந்தக்காரர்கள் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, கல்யாணப் பந்தி கணக்கா மணக்குற!" என்று கேலி பேசுவார்கள். உங்களுக்கு அது பாயசத்து வாசம். எனக்கு அது காயாத துணியின் வாசம். ஆனியில் பிடிக்கிற மழை ஆவணிவரை விடாது. அட்டை காலில் ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. வழிகிற ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். சொந்த ஊரான சிலமலையில் மழை வராதா என்று வானத்தைப் பார்த்துக் கெஞ்சியவன், இங்கே வந்து அதே வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு உறியும் இருந்தது. அதில் விளிம்பு உடைந்த ஒரு மண்சட்டி, சட்டிக்குள் ஒரு பிரண்டை. நாலு பட்டைத் தண்டு, கணுக் கணுவாகச் சட்டியை விட்டு வழிந்து, அடுப்புப் புகைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. இதைப் படிக்கிற சிலமலைக்காரர்களும் ராசிங்காபுரத்துக்காரர்களும் சிரிப்பீர்கள் என்று தெரியும். நம் ஊரில் பிரண்டையை யார் வளர்க்கிறார்கள்? கிளுவை வேலியில் அது பாட்டுக்குப் படர்ந்து கிடக்கும். துவையலுக்கு வேண்டுமென்றால் நாலு கணுவைக் கிள்ளிக்கொண்டு வருவோம், மற்றபடி ஏறிட்டும் பார்க்க மாட்டோம். அந்தப் பிரண்டைதான் இங்கே குழந்தை மாதிரி வளர்ந்தது. வளர்த்தவள் என் மனைவி வீரம்மா. அதைக் கொன்றவன் நான்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நாங்கள் மலையேறினோம். சிலமலைக்கு மேற்கே விளைச்சலில் பங்கு தருவதாகப் பேசி வாரத்துக்கு உழுத கொல்லை இரண்டு வருஷம் தொடர்ந்து காய்ந்து போனது. கிணற்றில் குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. அந்தக் கோடையில்தான் எங்கள் மகள் பேச்சி போனாள். பத்து மாதக் குழந்தை, ஐந்து நாள் காய்ச்சல். கொல்லையின் கிழக்கு மூலையில், வேலி ஓரமாக நானே குழி வெட்டினேன். மண் கல்லாக இறுகிக் கிடந்தது, வெட்ட வெகு நேரம் ஆயிற்று. அந்த இடத்து வேலியில் ஒரு பிரண்டை மட்டும் அந்த வறட்சியிலும் பச்சையாக ஓடிக்கிடந்தது. ஊரை விட்டுக் கிளம்பிய காலையில் வீரம்மா போய் அதில் ஒரு முழம் வெட்டி எடுத்து, அந்த மூலை மண்ணும் இரண்டு கை அள்ளித் துணியில் முடிந்துகொண்டாள். நான் மூட்டையைக் கட்டினேன்.

மலைப்பாதை மெட்டின் உச்சியில் திருவிதாங்கூர் சர்க்காரின் சுங்கச் சாவடி. உப்பும் புகையிலையும் கடத்துகிறார்களா என்று மூட்டையைக் குடைவார்கள். எங்கள் மூட்டையைக் குடைந்த மலையாளத்துச் சேவகர் பிரண்டையைத் தூக்கிப் பிடித்து, "சங்ஙலம்பரண்ட! ஆர்க்கா ஒடிஞ்ஞது?" என்று கேட்டார். எலும்பு முறிந்தால் பற்றுப் போடத்தான் யாரும் இதை இவ்வளவு தூரம் சுமப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். யாருக்கு ஒடிந்தது என்று கேட்கிறார் என்பதை அருகில் நின்ற பொதிமாட்டுக்காரர் எங்களுக்குச் சொன்னார். "எனக்குத்தான்" என்றாள் வீரம்மா. சேவகர் அவள் கையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ பரிகாசம் என்று எண்ணி, வாய்விட்டுச் சிரித்து வழிவிட்டார். மறுநாட்டுக்குள் அந்தச் சிரிப்போடுதான் நுழைந்தோம்.

ஏலத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில், எங்களுக்கு ஒரு அறை கிடைத்தது. எனக்கு ஸ்டோரில் தீப் போடுகிற வேலை, அவளுக்குக் காட்டில் களையெடுப்பும் காய்பறிப்பும். இந்த மலை மண்ணில் எதை நட்டாலும் முளைக்கும் என்பார்கள். பிரண்டைக்கு மட்டும் இந்த மண் ஆகவில்லை. கறுத்து, ஊறி, எப்போதும் சொதசொதவென்று இருக்கிற மண்ணில் அது அழுகத்தான் செய்யும். வீரம்மா, ஸ்டோர் அடுப்பிலிருந்து விழுந்த செங்கல்லைப் பொடித்து, சாம்பல் கலந்து, மேலே ஊர் மண்ணைப் போட்டு நட்டாள். தண்ணீர் ஊற்றுவதே இல்லை. அடுப்புச் சூட்டில் உறி கட்டினாள். அபூர்வமாக வெயில் அடித்தால் களைக்காட்டிலிருந்து ஓடி வந்து சட்டியை வாசலில் வைப்பாள். மேகம் திரண்டதும் திரும்ப ஓடி வருவாள். அதற்காகக் கங்காணியிடம் வாங்கிய வசவு கொஞ்சமல்ல.

லயத்துப் பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. அவர்களுக்குப் பேச்சியைத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. பிழைக்க வந்த இடத்தில் யார் வீட்டில்தான் சாவு இல்லை, நம்முடையதை எதற்கு விரிக்க வேண்டும் என்று இருந்துவிட்டோம். அவர்கள் வீரம்மாவைப் பிள்ளை பெறாதவள் என்றே நினைத்தார்கள். "பெத்த வயித்துல பெரண்டைய வச்சுக் கட்டுன்னு சொல்லுவாக. இவ பெறாத வயித்துக்குப் பெரண்டையத் தொட்டிலு கட்டில்ல வளக்குறா!" என்று ஒருத்தி சொல்ல, தண்ணீர்த் துறையே சிரித்ததாம். வீரம்மா வந்து என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இலையில் படிந்த கரியை ஈரத்துணியால் துடைத்தாள். நான் ஸ்டோருக்குப் போய்விட்டேன்.

முதல் மழைக்காலத்தை அந்தப் பிரண்டை தாண்டியது. ஒன்பது கணு இருந்தது. அந்த வருஷம் பொதிமாட்டுக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார்: எங்கள் கொல்லையை இப்போது உழுகிறவர் பழைய கிளுவை வேலியை வேரோடு பிடுங்கிக் கொளுத்திவிட்டு, புதிதாக முள் வேலி போட்டிருக்கிறார். பாவம், அவர் மேல் தப்பில்லை, அவருக்கு என்ன தெரியும்? ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த மூலையிலிருந்து உயிரோடு மிஞ்சியது எங்கள் உறியில் தொங்கியது ஒன்றுதான்.

இரண்டாவது மழைக்காலத்தில், ஆடி பிறந்த வாரம், பக்கத்து அறைச் சடையாண்டி அண்ணன் சரிவில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து விழுந்தார். ராசிங்காபுரத்துக்காரர். நாங்கள் வந்த புதிதில், அடுப்பு மூட்டத் தெரியாமல் ஈர விறகோடு மல்லுக்கட்டியபோது, தன் அடுப்பிலிருந்து நெருப்பு அள்ளிக் கொடுத்தவர். அந்த வாரம் மண் சரிந்து, மலையிறங்கும் பாதை அடைபட்டுக் கிடந்தது. மருந்து கொடுக்கிற கம்பவுண்டரே காய்ச்சலில் படுத்துவிட்டார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். கால் பூசணிக்காயாய் வீங்கியது. ஆவணிக்குள் எழுந்து நிற்காவிட்டால் கூலிக் கணக்கிலிருந்து பேரை எடுத்துவிடுவேன், அறையைக் காலி செய்ய வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மனைவி பொன்னுத்தாய் எங்கள் வாசலில் வந்து நின்றாள். "வீரம்மா, ஒரு நாலு கணு குடு ஆத்தா. உப்பும் புளியும் வச்சு இடிச்சுக் கட்டுறேன். ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"இல்லக்கா" என்றாள் வீரம்மா.

"அந்தா தொங்குதே!"

"அது தர்றதுக்கு இல்லக்கா."

பொன்னுத்தாய் சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் உறியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். ஆனால் மறுநாள் லயம் முழுக்கப் பேச்சு அதுதான். வேலியில் கிடக்கிற சனியனுக்கு இவ்வளவு கிராக்கியா, ஒரு மனுசன் காலைவிட இவளுக்குச் செடி பெரிதா என்றார்கள். துறையில் அவளுக்கு வழி விடவில்லை. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். தன் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவளிடம் அந்தப் பழமொழியை எப்படிச் சொல்வது?

சுவருக்கு அந்தப்பக்கம் சடையாண்டி அண்ணன் மூன்று நாளாக முனகிக்கொண்டிருந்தார். பலகைச் சுவர், ஒவ்வொரு முனகலும் கேட்டது. நாலாம் நாள் காலை வீரம்மா குடத்தை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனதும், நான் உறியை இறக்கினேன். ஆறு கணுவை வெட்டினேன். மூன்றை விட்டேன். மூன்று இருந்தால் திரும்பத் துளிர்த்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொன்னுத்தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "அவதான் குடுத்துவிட்டா" என்றேன். பொய்தான். லயத்தில் அவள் பேர் கெட்டுவிட்டதே, அதையும் இதோடு சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை இதுதான்.

வீரம்மா குடத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். பொன்னுத்தாய் ஓடிப்போய் நடைபாதையிலேயே அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தா, ஒன்னையப் போயி தப்பா நெனச்சேனே! நீ நல்லா இருக்கணும், ஒன் வயிறு வெளங்கணும்" என்று அழுதாள். கையில் இடித்த பிரண்டையின் பச்சை. வீரம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு நொடி போதும்.

"சூடா வச்சுக் கட்டுக்கா" என்றாள். "ஆறவிட்டாப் பிடிக்காது. கை அரிக்கும், நல்லெண்ணெயத் தடவிக்க."

உள்ளே வந்து குடத்தை இறக்கினாள். உறியைப் பார்த்தாள். "வெட்டுன வாயில சாம்பல் தடவுனீகளா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். ஏன் வெட்டினீர்கள் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அவசர அவசரமாகச் சாம்பலை அள்ளித் தடவினாள். ஆனால் அந்த நேரத்துக்குள் பச்சை வாயில் ஈரம் இறங்கிவிட்டது. இரண்டாம் நாள் நுனிக் கணு கறுத்தது. கறுத்ததை வெட்டிச் சாம்பல் வைத்தாள். அடுத்த கணு கறுத்தது. அதையும் வெட்டினாள். மிச்சம் இருந்த ஒரு கணுவைத் துணியில் சுற்றி, உடம்புச் சூட்டில் இருக்கட்டும் என்று இடுப்பில் செருகிக்கொண்டு களைக்குப் போனாள். சாயங்காலம் அவிழ்த்தபோது அது கூழாக இருந்தது. பத்து மாதக் குழந்தையின் நெற்றியில் ஐந்து நாளும் கையை வைத்து வைத்துப் பார்த்தாளே, அதே முகம். நான் இரண்டாவது தடவையும் ஒன்றும் செய்ய முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை செய்ததே நான்தான் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அதன் பிறகு எங்களுக்குள் சோற்றுக்கும் விறகுக்கும் வேண்டிய பேச்சு மட்டுமே இருந்தது. லயத்துப் பெண்களோ அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். துறையில் வழி விட்டார்கள். கேட்காமலே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார்கள். அவர்கள் அன்பு காட்டக் காட்ட அவள் இளைத்துக்கொண்டே போனாள்.

சடையாண்டி அண்ணனுக்கு எலும்பு கூடியது. ஆவணி கடைசியில் கம்பு ஊன்றி எழுந்தார். பிரண்டையால் கூடியதா, பத்தைக் கட்டால் கூடியதா, எனக்குத் தெரியாது. கூடியது, ஆனால் கால் ஒரு விரற்கடை குட்டை. சரிவில் நிற்க முடியவில்லை. கங்காணி அவரைச் சரிவில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "நீ சமதரையில பொழைச்சுக்கய்யா" என்று பேரை எடுத்துவிட்டார். என்னைப் போல் ஊருக்குப் போகத் தவிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இந்த மலைகளில் இருக்கிறீர்கள். கால் நன்றாக இருக்கிறவரை நமக்கு உத்தரவு கிடைக்காது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கிளம்புகிற காலையில் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். பொன்னுத்தாய் தலையில் மூட்டை.

"வர்றேன் ஆத்தா" என்றார். "நீ குடுத்தது வீணாப் போச்சேன்னு நெனைக்காத. அது இல்லைன்னா இந்த அளவுகூட நடந்திருக்க மாட்டேன்."

வீரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணே, சிலமலை வழியாத்தான போவீக?"

"ஆமாத்தா. யாருக்கும் சேதி சொல்லணுமா?"

"சேதி ஒண்ணுமில்ல. எங்க கொல்லை இருக்குல்ல, அதுல கெழக்கு மூலையில சித்த நேரம் நின்னுட்டுப் போங்க."

"நிக்கிறேன். அங்கன என்னத்தா இருக்கு?"

"எம்மக இருக்கா" என்றாள். "அவ மேல படந்து கெடந்ததுதான் அந்தப் பெரண்டை."

பொன்னுத்தாய் மூட்டையை இறக்கித் தரையில் வைத்துவிட்டாள். சடையாண்டி அண்ணன் தன் காலைக் குனிந்து பார்த்தார். "நேரமாச்சுண்ணே, வெரசாப் போங்க, பனி ஏறிரும்" என்று அவள்தான் அனுப்பி வைத்தாள்.

அவர்கள் இறங்கினார்கள். பனி அதற்குள் இடுப்பளவு ஏறிவிட்டது. அவருடைய தலையும் தோளும் தெரிந்தன, கால் தெரியவில்லை. வீரம்மா அந்தக் காலைப் பார்ப்பதற்காகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பம் வரைக்கும் பார்த்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நாமளும் எறங்கிப் போயிருவமா, புள்ள?" என்று கேட்டேன்.

"போங்க" என்றாள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஸ்டோர்ல தீ அமந்துரும்."